'நம்ம ஆளு' என்ற மூலதனம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லித் தந்து இன்று முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, சங்கத்தின் தலைவர், செயலர் அவர்களே, 1976–79 பொருளியல் வகுப்பின் அருமைத் தோழர்களே, 'எப்போ சார் சாப்பாடு?' என்ற கேள்வியோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! 

செயலர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நீங்க பேங்க்ல இருந்தவரு, பணத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார். "பேசறேன். ஆனா நம்ம நாட்டுல பணத்தைப் பத்திப் பேசினா சாதியையும் மதத்தையும் தொடாம பேச முடியாதே?" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. "சரி, யார் மனசும் புண்படாம பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். யார் மனமும் புண்படக் கூடாது என்பதே என் ஆசையும். ஆனால் பூசி மெழுகப் போவதில்லை.

நம் பொருளியல் பாடநூலில் தேவைக் கோடு இருந்தது, அளிப்புக் கோடு இருந்தது. வாங்குகிறவர், விற்கிறவர் என்று இரண்டு பேர் இருந்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, தெரு கிடையாது. 1981-இல் அரசுடைமை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். கவுண்டருக்கு எதிரில் வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, தெருவும் இருந்தது. அந்தத் தெருவைக் கேட்டால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். விருதுநகர், காரைக்குடி, ஆம்பூர், திருப்பூர் என்று 36 வருஷம் சுற்றி 2017-இல் ஓய்வு பெற்றேன். எல்லா ஊரிலும் என் காதில் விழுந்த ஒரு சொல் 'நம்ம ஆளு'. பணம், நிலம், இயந்திரம் ஆகியவற்றை மூலதனம் என்று படித்தோம். பாடநூலில் விட்டுப்போன இந்த மூலதனத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பிடி அரிசியும் மகமையும்

முதலில் விருதுநகர். 19-ஆம் நூற்றாண்டில் பனையேறுவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு சமூகம், கருப்பட்டி, பருத்தி, எண்ணெய் என்று வியாபாரத்துக்கு வந்தது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி என்று ஆறு ஊர்களில் நாடார்கள் பேட்டைகள் அமைத்தார்கள். வழிப்பறி மிகுந்த காலத்தில் வண்டிமாடும் சரக்கும் பத்திரமாகத் தங்குகிற இடம்தான் பேட்டை. அங்கே வந்துபோகும் சரக்கின் மீது ஒவ்வொரு வியாபாரியும் ஒரு சிறு தொகை தர வேண்டும். அதற்கு மகமை என்று பெயர். அந்தப் பொதுப்பணத்தைக் கையாண்டது உறவின்முறை. கிணறு, கோயில், சத்திரம், பிறகு பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துக் கொடுத்ததை அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். காமராஜர் படித்த பள்ளி அது.

'பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருத்தனுக்குத் தலைச்சுமை' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, மகமையின் கணக்கு அதுதான்.

அந்த மக்கள் சுகமாக உட்கார்ந்துகொண்டு இதைச் செய்யவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நடந்த வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899-இல் சிவகாசியில் வீடுகள் எரிந்தன. அத்தனைக்கும் பிறகு 1910-இல் நாடார் மகாஜன சங்கம், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. அந்த வங்கிதான் 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று அந்த வறண்ட பூமியில் தொழில்கள் முளைத்தது அதன் பிறகுதான்.

வட்டிக்கடையும் ஒன்பது கோயிலும்

அடுத்தது காரைக்குடி. நகரத்தார் ஒன்பது கோயில்களைச் சேர்ந்தவர்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. 'இதுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். ஒன்றில் பங்காளி, இல்லையென்றால் சம்பந்தி ஆகக்கூடியவர் என்பதால், எந்த இரண்டு நகரத்தாருக்கும் இடையே ஏதோ ஓர் உறவுக்கு வழி இருந்தது. ரங்கூனில் ஒரு கடை, பினாங்கில் ஒரு கடை, கொழும்பில் ஒரு கடை. ஒரு கடையில் எழுதிய உண்டியல் இன்னொரு கடையில் மறுபேச்சின்றிப் பணமாகும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி, ஒருநாள் தானே முதலாளியும் ஆகலாம். ஏமாற்றினால்? அவனுக்குப் போலீஸ் வராது, கோர்ட் வராது. ஊரில் அவன் வீட்டுக்குப் பெண் வராது. அதைவிடப் பெரிய தண்டனை எது?

இதை நம் பேராசிரியர்களுடைய மொழியில் சொன்னால், 'நம்ம ஆளு' என்ற சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. ஒன்று, தகவல் தருகிறது: கடன் கேட்பவன் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்கத் தேவையில்லை. இரண்டு, ஜாமீன் தருகிறது: அவனால் முடியாவிட்டால் அவன் சித்தப்பா கட்டுவார். மூன்று, பயம் தருகிறது: தவறு செய்தால் போவதற்கு வேறு இடம் கிடையாது. இந்த மூன்றையும் காகிதத்தில் உண்டாக்கத்தான் வங்கிகள் விண்ணப்பம், பத்திரம், வழக்கறிஞர் கருத்துரை என்று படாத பாடு படுகின்றன. சாதிக்குள் அது இலவசம்.

பிராந்திய வங்கிகளின் பிறப்பைப் பாருங்கள். 1916-இல் தொடங்கிய கரூர் வைஸ்யா வங்கியின் பெயரிலேயே சமூகம் இருக்கிறது. 1937-இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் கிளைகள் திறந்தார். அந்த மூன்று ஊர்களுமே போதும், எந்த வலைப்பின்னலின் மேல் அந்த வங்கி நின்றது என்று சொல்ல.

ஆனால் பர்மாக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1930-இல் உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவர்களால் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் சுமார் 6 சதவீத நிலம் இருந்தது; 1938-க்குள் அது சுமார் 25 சதவீதமானது. லேவாதேவிக்காரர்கள் நிலத்தைத் தேடிப் போகவில்லை, பணம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது என்பது உண்மை. நிலத்தை இழந்த உழவருக்கு அந்த நியாயம் எப்படித் தெரியும்? தன் நிலம் வேற்று மொழிக்காரர் கைக்குப் போனது என்பது மட்டும்தான் தெரியும். பொருளாதாரக் கோபம் இனக்கோபமாக மாறியது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948-இல் விடுதலைக்குப் பின் நிலச் சட்டம், 1962-க்குப் பிறகு ராணுவ ஆட்சியின் தேசியமயம் என்று அடுத்தடுத்து அடி விழுந்து, லட்சக்கணக்கானோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். சென்னையின் பர்மா பஜார் அந்த வரலாற்றின் மிச்சம். 'நம்ம ஆளு' என்ற சொல்லால் எழும்பிய கட்டடம், 'அவங்க ஆளு' என்ற சொல்லால் இடிந்தது.

நூலை வாயால் உறிஞ்சியவர்கள்

இதுவரை வலைக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். வெளியே இருந்தவர்கள்?

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். ஊடு நூல் தீர்ந்து புதுக்கண்டை போடும்போது, ஓடத்தின் துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அதே ஓடத்தை அடுத்தவரும் வாயில் வைப்பார். இந்த ஒரு காரணத்தைச் சொல்லித் தலித் தொழிலாளரை நெசவுப் பிரிவில் விடவில்லை. விடாதவர்கள் உடன் வேலை செய்த தொழிலாளர்களே. இங்கிலாந்திலிருந்து வந்த இயந்திரம், நவீன ஆலை, மணி அடித்தால் ஷிப்டு. உள்ளே போய்ப் பார்த்தால் ஊர்ச் சேரிக்கும் தெருவுக்கும் இடையிலிருந்த அதே கோடு. 1928-இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இதை ஒரு கோரிக்கையாகவே எழுப்பினார். சாதி என்பது வேலைப் பிரிவினைதான் என்று சமாதானம் சொன்னவர்களுக்கு, அது வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாக அடுக்கி வைக்கும் ஏற்பாடு என்று 1936-இல் அவர் விளக்கமாக எழுதியதற்குப் பின்னால் இந்த மாதிரி அனுபவங்கள் இருந்தன.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வாருங்கள். தோலைத் தொடுவது தீட்டு என்று சாதி இந்துக்கள் பலர் ஒதுங்கினார்கள். அந்தத் தீட்டு இல்லாத முஸ்லிம் வணிகர்கள் தோல் வியாபாரத்தை வளர்த்தார்கள். பச்சைத் தோலோடும் சுண்ணாம்போடும் நின்று உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஒரு மதத்தின் தடை இன்னொரு மதத்தாருக்கு வாய்ப்பானது; ஒரு சாதியின் மேல் சுமத்திய இழிவு ஓர் ஏற்றுமதித் தொழிலுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. அங்கே தயாராகும் காலணியைப் போட்டுக்கொண்டு ஐரோப்பாவில் நடக்கிறவருக்கு இது தெரியாது.

இங்கே ஒரு மாணவர் மனதுக்குள் கேட்கலாம்: 'நாடார்கள் ஒடுக்கப்பட்டிருந்தும் மேலே வந்தார்களே, மற்றவர்களும் அப்படி வர வேண்டியதுதானே?' நியாயமான கேள்வி. பலரும் மேடைக்கு வெளியே கேட்கிற கேள்வி. பதில் மகமையிலேயே இருக்கிறது. மகமை போட முதலில் சரக்கு வேண்டும். சரக்கு வைக்கப் பேட்டை வேண்டும், பேட்டைக்கு நிலம் வேண்டும். பத்துப் பேரிடமும் பத்து ரூபாய் இருந்தால் கூட்டினால் நூறு. பத்துப் பேரிடமும் ஒன்றும் இல்லையென்றால், ஒற்றுமை எவ்வளவு இருந்தாலும் கூட்டுத்தொகை பூஜ்யம்தான்.

பண்ணையில் வேலை செய்து, பண்ணையார் மனையில் குடிசை போட்டு, கூலியை நெல்லாக வாங்கியவரிடம் எதைக் கூட்டுவது? அந்த நெல்லில் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கும், சங்கமாகச் சேர்ந்ததற்கும் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் தீயில் போயின. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்டது. அப்படியும் அதில் எவ்வளவோ கைமாறிப் போய்விட்டது. கூட்டுவதற்குக் கையில் ஏதாவது வந்தபோதெல்லாம் அது பறிபோயிருக்கிறது. ஆகவே, 'அவங்களும் ஒத்துமையா இருந்தா முன்னேறலாம்' என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சட்டப் புத்தகத்தில் மதம்

சாதியும் மதமும் பழைய வழக்கம்தானே, சட்டம் எல்லாருக்கும் பொதுதானே என்று நினைக்கிறோம். வருமான வரி கட்டுகிற நண்பர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். இந்து கூட்டுக் குடும்பம் என்ற பெயரில் தனியாக ஒரு கணக்கு வைத்து, தனியாக வரி விலக்கு வரம்பு பெறலாம் அல்லவா? இந்து, சீக்கிய, சமண, பௌத்தக் குடும்பங்களுக்கு அந்த வசதி உண்டு. பக்கத்துக் கடை முஸ்லிம் குடும்பத்துக்கும் எதிர்க்கடை கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் கிடையாது. ஒரே தெரு, ஒரே வியாபாரம், ஒரே லாபம். வரிக் கணக்கு மட்டும் வேறு. அந்த இந்துக் குடும்பத்துக்குள்ளேயும் மகளுக்குப் பிறப்பால் பங்கு கிடைக்கத் தமிழ்நாட்டில் 1989 வரையிலும், நாடு முழுவதும் 2005 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது.

1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இந்துக்களுக்கு, 1956-இல் சீக்கியர்களுக்கு, 1990-இல் பௌத்தர்களுக்கு அந்தத் தகுதி தரப்பட்டது. கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறிய தலித்துக்கு இல்லை. ஒரே சேரியில் ஒரே கிணற்றடியில் வளர்ந்த இரண்டு பையன்களில் ஒருவன் கோயிலுக்கும் ஒருவன் சர்ச்சுக்கும் போகிறான். ஊரின் கண்ணில் இருவரும் ஒன்றுதான். ஆனால் வேலைக்கான விண்ணப்பத்தில் ஒருவன் பட்டியல் சாதி, மற்றவன் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறான். சரியா தவறா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மத நம்பிக்கை ஒருவனுடைய சம்பளக் கவரில் எப்படித் தெரிகிறது என்று காட்ட வந்தேன்.

2006-இல் நீதிபதி ராஜீந்தர் சச்சார் குழு தந்த அறிக்கையும் அப்படித்தான். 2001 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் மக்கள்தொகையில் 13.4 சதவீதம். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் அவர்கள் 3 சதவீதம், ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவீதம். மாதச் சம்பள வேலையில் குறைவு. சொந்தத் தொழிலிலும் தெருவோர வியாபாரத்திலும் அதிகம். சொந்தத் தொழில் என்றால் பெரிய முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஒரு தையல் மெஷின், ஒரு தள்ளுவண்டி.

நவீன காலம் மாற்றிவிட்டதா?

'அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்போ திறமைதான்' என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அப்படி ஆக வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. சில ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன்.

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு அறிஞர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 4,800 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு; முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேரில் வந்து பேசியிருந்தாலாவது 'ஆள் சரியில்லை' என்று சொல்லலாம். இங்கே ஆளே வரவில்லை. காகிதத்தில் இருந்த பெயர்தான் வந்தது.

மேல்மாடிக்குப் போவோம். நாட்டின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஒரு கட்டுரை, அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முற்பட்ட வகுப்பினர் என்றும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 சதவீதம்தான் என்றும் காட்டியது. சம்பந்தம் பேசுவதும் சாதிக்குள்ளேயே நிற்கிறது. 2011–12 கணக்கெடுப்பு ஒன்றின்படி நாட்டில் சாதி மாறி நடந்த திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான். திருமணம் எங்கே போகிறதோ, சொத்து அங்கே போகும். சொத்து எங்கே போகிறதோ, கடன் அங்கே போகும்.

இன்னொரு ஆய்வு மிகவும் சுவையானது. கைவன் முன்ஷி, மார்க் ரோசென்ஸ்வீக் இருவரும் மும்பை தாதர் பகுதிப் பள்ளிகளின் இருபது ஆண்டுக் கணக்கை எடுத்து 2006-இல் எழுதினார்கள். மில், துறைமுகம் என்று சாதிக்காரர் மூலம் வேலை கிடைத்துவந்த குடும்பங்களில், பையன்களை மராத்தி வழியிலேயே படிக்க வைத்தார்கள். 'மாமா சேர்த்துவிடுவார்' என்ற நம்பிக்கை. பெண் பிள்ளைகளுக்கு அந்த வலை கிடையாது. ஆகவே அவர்கள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். புதிய பொருளாதாரம் வந்தபோது அண்ணன்களை விடத் தங்கைகளுக்கே வாய்ப்புகள் திறந்தன. வலை நம்மைத் தாங்கும். அதே வலை நம்மைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். மீனைக் கேட்டால் சொல்லும்.

திருப்பூர் சொல்லும் பாடம்

என் கடைசி ஊர் திருப்பூர். அங்கே பனியன் தொழிலைக் கட்டியெழுப்பியவர்களில் பலர் தோட்டம் பார்த்த கவுண்டர் குடும்பத்தினர். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தறியும் தையலும் கற்று, நாலு மெஷின் போட்டு, முதலாளி ஆனவர்கள். "எப்படிங்க வந்தீங்க?" என்று கேட்டால் "உழைப்புங்க" என்பார்கள். பொய்யில்லை. அவர்கள் உழைப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-இல் வெளியிட்ட நூலில் கேட்டதும் இதைத்தான்: உழைத்தவர் எல்லாரும் முதலாளி ஆனார்களா? முதல் நாலு மெஷினுக்கு அச்சாரம் தந்த மச்சானும், நூலைக் கடனாகத் தந்த சொந்தக்காரரும் யாருக்கு இருந்தார்கள்?

இன்று அந்த மெஷின்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம் என்று பல மாநிலத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் 'நம்ம ஆளு' வழியாகத்தான் வருகிறார்கள். ஊர்க்கார ஏஜென்டு ஒருவர் அழைத்து வருவார், ஒரே ஊர்ப் பையன்கள் ஒரே அறையில் தங்குவார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தாரைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு செல்போன் வதந்தி, ஏற்றுமதி ஆர்டரையே ஆட்டிவிட்டது. ரங்கூனில் நம் ஆட்கள் 'வெளியாள்' ஆக இருந்ததை நினைத்தால், 'வடக்கத்தியான்' என்று எளிதாகச் சொல்லும் நாக்கு கொஞ்சம் தயங்கும்.

ஒரு ஜாமீன் கையெழுத்து

1980-களின் கடைசியில் நான் கடன் பிரிவில் இருந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு இளைஞர்கள் லேத் பட்டறை வைக்கக் கடன் கேட்டு வந்தார்கள். இருவரும் ஐ.டி.ஐ. படித்தவர்கள், இருவருக்கும் கைத்தொழில் நன்றாகத் தெரியும். சொத்துள்ள இருவர் ஜாமீன் போட வேண்டும் என்பது விதி. முதல் பையன் அன்று சாயங்காலமே பெரியப்பாவையும் அக்காள் மாமனாரையும் அழைத்து வந்துவிட்டான். இரண்டாவது பையன் தலித் குடியிருப்பிலிருந்து வந்தவன். அவனுக்கும் பெரியப்பா உண்டு, அக்காள் மாமனாரும் உண்டு. யாரிடமும் பத்திரம் இல்லை. மூன்று வாரம் அலைந்தான்.

கடைசியில் அவனுக்குப் பாடம் நடத்திய அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் சம்பளச் சான்றிதழோடு வந்தார். கூடவே இன்னோர் ஆசிரியரையும் அழைத்து வந்தார். இருவரும் அவன் சாதி இல்லை. "பையனை எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும் சார், நம்ம பையன்" என்றார். கடன் வழங்கினோம். தவணை தவறாமல் கட்டி முடித்தான்.

அந்த ஆசிரியர் சொன்ன 'நம்ம பையன்' என்ற சொல்லை நான் மறக்கவில்லை. அதே சொல்தான். மேலே நான் சொன்ன மூன்று வேலைகளையும் அதுவும் செய்தது. தகவல் கொடுத்தது, ஜாமீன் கொடுத்தது, பையனுக்கு 'சார் பெயரைக் கெடுக்கக் கூடாது' என்ற பயத்தையும் கொடுத்தது. ஒரே வித்தியாசம், அது பிறப்பால் வரவில்லை. ஒரு வகுப்பறையால் வந்தது.

1969-இல் 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கியதும், முன்னுரிமைக் கடன் விதிகளும், இடஒதுக்கீடும், ஒவ்வொரு கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்காவது கடன் தர வேண்டும் என்று 2016-இல் வந்த திட்டமும் அந்த வகுப்பறையின் வேலையைச் சட்டத்தின் மூலம் செய்யப் பார்த்தவைதான். குறைகள் உண்டு, முறைகேடும் உண்டு. ஆனால் அந்தக் கதவு இல்லாதிருந்தால், பெரியப்பாவிடம் பத்திரம் இல்லாதவன் எங்கே போவான்? விதி திறந்த கதவு வரை சட்டம் கூட்டிப்போகும். அதற்கு உள்ளே அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

இப்போது நம் சங்கத்துக்கு வருகிறேன். ஆண்டுதோறும் கூடுகிறோம், பழைய கதை பேசுகிறோம், மலர் போடுகிறோம். நல்லது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த அரங்கில் ஆலை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், தணிக்கையாளர்கள் இருக்கிறீர்கள். ஒரே விடுதியில் ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். எந்தச் சாதி உறவின்முறைக்கும் குறையாத வலை இது. பிறப்பைக் கேட்காமல் அமைந்த வலை என்பதுதான் இதன் சிறப்பு.

மூன்று சிறு வேண்டுகோள்கள். முதலாவது, வேலைக்கு ஆள் எடுக்கும் நண்பர்கள், 'தெரிஞ்ச பையன் யாராவது இருக்கானா?' என்று சொந்தத்தில் கேட்பதற்கு முன் நம் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். இரண்டாவது, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர் ஒவ்வொருவருக்கும் அவர் போக விரும்பும் தொழிலில் இருக்கும் மூத்த மாணவர் ஒருவர் பெயரளவில் அல்ல, தொலைபேசி எண்ணோடு பொறுப்பேற்க வேண்டும். நமக்கு 'யாரைப் பார்க்கணும்' என்று சொல்ல ஒரு மாமா இருந்தார். அவர்களுக்கு நாம் இருப்போம். மூன்றாவது, நம் ஆண்டுச் சந்தாவில் ஒரு பங்கை ஒதுக்கி, தொழில் தொடங்கும் பழைய மாணவருக்கு ஜாமீனாக நிற்கும் ஒரு நிதி வைப்போம். இதற்கு மகமை என்றே பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். நல்ல சொல் அது. வாசலை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உறவினர் உதவியோடு மேலே வருவது குற்றமில்லை. அந்த உதவியை மறந்துவிட்டு 'எல்லாம் என் திறமை' என்று சொல்லாதீர்கள். உதவி கிடைக்காமல் வருகிறவர்களே, நீங்கள் தாமதமாக வந்தால் அது உங்கள் குறையல்ல. நீங்கள் நடந்து வந்த தூரம் அதிகம். ஆனால் வந்து சேர்ந்தபின், பின்னால் வருகிறவனுக்குக் கையெழுத்துப் போட மறக்காதீர்கள்.

சாப்பாட்டு மணி நெருங்கிவிட்டது என்று செயலரின் முகம் சொல்கிறது. பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்று யாரும் பார்க்காத இடம் நம் விடுதிச் சாப்பாட்டுக்கூடம். அங்கே கற்றதை வெளியே கொண்டுபோவதுதான் பாக்கி.